மகளுக்குப் புத்தி சொல்வது யாருக்கு வசதி?

கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள மருத்துவமனை ஒன்றுக்கு 2023-ன் தொடக்கத்தில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி சிறுநீரகக் கோளாறோடு வந்தாள். கொடுத்த மருந்துக்கு நோய் மசியவில்லை. என்ன சாப்பிடுகிறாள், என்ன பூசுகிறாள் என்று மருத்துவர்கள் துருவிக் கேட்ட பிறகுதான், முகத்தை வெளுக்கவைக்கும் கிரீம் ஒன்றை அவள் பயன்படுத்திவந்தது தெரிந்தது. அடுத்து அவளுடைய உறவினர் ஒருவரும் அதே நோயோடு வந்தார். அவரும் அதே கிரீமைப் பூசியவர். பிறகு 29 வயது இளைஞர் ஒருவர், அவரிடமும் கிரீம்.

மருத்துவர்களுக்குப் பொறி தட்டியது. பழைய பதிவேடுகளைப் புரட்டினார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அந்த வகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்கள் 22 பேர். அவர்களில் 15 பேருக்கு ‘நெல்-1’ என்ற புரதம் சம்பந்தப்பட்ட அரிய பாதிப்பு. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியதை ஒப்புக்கொண்டார்கள். ‘கிட்னி இன்டர்நேஷனல்’ ஆய்விதழில் இது 2024-ல் வெளியானது. கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலானோருக்கு நோய் தணிந்தது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

காரணம் பாதரசம். தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் உருவாவதை அது தடுத்துவிடும். அதனால்தான் பூசிய சில நாட்களிலேயே முகம் வெளுத்த மாதிரி தெரிகிறது. ஆனால், பாதரசம் தோலோடு நின்றுவிடுவதில்லை. ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்கிக்கொள்ளும். சிறுநீரில் நுரை, காலில் வீக்கம் என்று நோய் வெளியே தெரிவதற்குள் சிறுநீரகத்தின் சல்லடை ஓட்டையாகியிருக்கும்.

இப்படி ஒரு செய்தி வந்ததும் நாம் என்ன செய்வோம்? “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்குத்தான் இந்த ஆசையோ” என்று ஒரு பெருமூச்சு. பிறகு பள்ளியில் ஒரு தன்னம்பிக்கைப் பயிலரங்கம். ‘அகத்தின் அழகே அழகு’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, ஒரு மணி நேரம் பேசி, கைதட்டி முடிப்போம். பதின்வயதுப் பெண்ணின் மனதில் ஏதோ கோளாறு, அதைச் சரிசெய்துவிட்டால் போதும் என்பது நம் எண்ணம். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தப் பெண்ணின் கணக்கில் பிழையே இல்லை என்று நினைக்கிறேன். தன்னைச் சுற்றியிருக்கும் பெரியவர்களின் உலகம் எதற்கு என்ன விலை போடுகிறது என்பதை அவள் சரியாகவே படித்துவைத்திருக்கிறாள்.

அவள் படித்த பாடங்கள் எவை? பிறக்கும் முன்பே முதல் பாடம் தொடங்கிவிடுகிறது. கர்ப்பிணிக்குப் பாலில் குங்குமப்பூ கலந்து கொடுக்கிறோம். குழந்தை சிவப்பாகப் பிறக்குமாம். பிறந்ததும் பார்க்க வரும் உறவினர்கள் ஆணா பெண்ணா என்று கேட்ட கையோடு கேட்பது, “யார் கலர்?” அப்பா மாதிரி கறுப்பு, ஆனால் பெண் குழந்தை என்றால் அந்த அறையில் ஒரு நொடி மௌனம் நிலவும். “பரவாயில்லை, கறுப்பா இருந்தாலும் களையா இருக்கு” என்று யாராவது பெரிய மனதோடு ஆறுதல் சொல்வார்கள். அந்த ‘இருந்தாலும்’தான் பிள்ளையோடு கூடவே வளர்கிறது.

ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு வரை வீதியில் ஓடி விளையாடிய பெண்ணிடம், “வெயில்ல போகாதே, கறுத்துப்போயிடுவே” என்று சொல்லத் தொடங்குகிறோம். அக்கறையில் சொல்வதுதான். ஆனால், கபடியும் கோகோவும் ஓட்டப்பந்தயமும் பல பெண்களின் வாழ்க்கையிலிருந்து விடைபெறுவது சரியாக அந்த வயதில்தான். எலும்பும் தசையும் வலுப்பெற வேண்டிய வருடங்களில் அவளை நிழலில் உட்காரவைத்துவிட்டு, இருபது வயதில் “குண்டாயிட்டே, வாக்கிங் போ” என்கிறோம். இதைச் சொல்வதும் அதே வாய்தான்.

அப்புறம் மஞ்சள் நீராட்டு விழா. பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளையின் படத்தைத் தெருமுனையில் பத்தடி ஃப்ளெக்ஸில் வைக்கலாமா என்பதே தனியாக வாதாட வேண்டிய விஷயம். அது ஒருபக்கம் இருக்கட்டும். அந்தப் பேனரில் இருக்கும் முகத்தை உற்றுப் பாருங்கள். ஸ்டுடியோக்காரர் அதை நாலு சுற்று வெளுத்திருப்பார். கன்னத்து மருவும் நெற்றித் தழும்பும் காணாமல் போயிருக்கும். மேடையில் அவளை உட்காரவைக்கும் முன்பு அழகுநிலையப் பெண் வந்து, கழுத்து ஒரு நிறமும் முகம் ஒரு நிறமுமாகப் பூசிவிட்டுப் போயிருப்பார். வாழ்க்கையில் முதன்முறையாக ஊரே தன்னைப் பார்க்கும் நாளில், தன் சொந்த முகம் அந்த மேடைக்குப் போதாது என்று அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது. இன்ஸ்டாகிராமின் ஃபில்டரைத் திட்டுகிறோமே, அது வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊர் போட்டோ ஸ்டுடியோக்களில் ‘டச்சப்’ இருந்தது. அதற்குக் காசு கொடுத்தது அப்பாவும் தாய்மாமனும்.

பள்ளிக்கும் இதில் பங்கு உண்டு. ஆண்டுவிழா நடனத்தில் முன்வரிசையில் நிற்பவர்கள் யார், சிறப்பு விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுக்க அழைக்கப்படுவது யார், பள்ளியின் விளம்பரப் பலகையில் சிரிப்பது யார் என்று எந்த மாணவியைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். எழுதிவைத்த விதி எதுவும் கிடையாது. யாரும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

சங்கப் பாடல்கள் கொண்டாடிய தலைவியின் நிறம் மாந்தளிர் நிறமான மாமை. பிரிவுத் துயரில் அவள் மேனியில் வெளிறிப் படரும் பசலைதான் அங்கே அழகின் அழிவு. இரண்டாயிரம் ஆண்டுகளில் நாம் பசலையைக் குழாயில் அடைத்து விற்கும் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

விற்பனை என்றதும் அதன் வரலாற்றைச் சொல்லாமல் போக முடியாது. ‘ஃபேர் அண்ட் லவ்லி’யை இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 1975-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் விளம்பரங்களில் ஒன்றை நடுத்தர வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தனக்கு ஒரு மகன் இல்லையே என்று அப்பா வருந்துகிறார். மகள் கிரீம் பூசுகிறாள், வெளுக்கிறாள், விமானப் பணிப்பெண் ஆகிறாள், அப்பாவைப் பெரிய ஹோட்டலுக்குக் காபி குடிக்க அழைத்துப்போகிறாள். அழகுப் பொருளுக்கான விளம்பரம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. வேலைவாய்ப்பு, பெற்றோரின் மதிப்பு, பெண் விடுதலை எல்லாவற்றையும் அந்தச் சின்னக் குழாய்க்குள் அடைத்து விற்ற தந்திரம் அது.

அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் இதை எதிர்த்து விடாமல் போராடியது. 2003-ல் மத்திய அரசு அந்த விளம்பரங்களில் இரண்டைத் தடைசெய்தது. அதே ஆண்டில் நிறுவனம் ‘ஃபேர் அண்ட் லவ்லி ஃபவுண்டேஷன்’ என்று ஒன்றைத் தொடங்கி, பெண்களின் கல்விக்கு உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தது. சாமர்த்தியம்! 2005-ல் இமாமி நிறுவனம் ஆண்களுக்காக ‘ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்’ கொண்டுவந்தது. பையன்களும் இந்த வலையில் விழுந்தார்கள். கறுத்த நிறத்தவர்களைத் தாழ்ந்தவர்களாகவோ சோகமே உருவானவர்களாகவோ காட்டக் கூடாது என்று விளம்பரத் தர நிர்ணயக் குழுமம் 2014-ல் விதி வகுத்தது. 2020-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டு உலகமெங்கும் நிறவெறிக்கு எதிரான குரல் எழுந்த பிறகுதான் ‘ஃபேர் அண்ட் லவ்லி’யின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ போய் ‘குளோ’ வந்தது. இங்கே பல்லாண்டு நடந்த போராட்டத்தால் ஆகாதது மின்னியாபொலிஸ் தெருவில் ஓர் உயிர் போன பிறகு சில வாரங்களில் ஆனது. நம் பெண்களின் குரலுக்கு அந்த நிறுவனத்தில் என்ன மதிப்பு இருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பெரிய நிறுவனங்களின் கிரீமில் பாதரசம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவை விதைத்த ஆசையை அறுவடை செய்பவர்கள் வேறு ஆட்கள். ‘ஒரே வாரத்தில் நிறம்’ என்று வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கப்படும் டப்பாக்கள், தயாரிப்பாளர் முகவரியோ உரிம எண்ணோ இல்லாமல் அழகுநிலையங்களுக்கு வரும் பொட்டலங்கள், வெளிநாட்டிலிருந்து வருபவர்களின் பெட்டியில் வரும் சோப்புகள் என்று அது தனி உலகம். இந்தியாவின் அழகுசாதன விதிகளின்படி, கண்ணைச் சுற்றிப் பூசும் பொருள்களைத் தவிர மற்றவற்றில் தற்செயலாகக் கலக்கும் பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. விதி நல்ல விதிதான். அந்த டப்பாக்கள்தான் எந்த விதியையும் படித்துவிட்டு வருவதில்லை. கேரள அரசு 2023-ல் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடைகளில் இறங்கிச் சோதனை நடத்தியது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அதே டப்பா அதே விலையில் கிடைக்கும்.

இன்னொரு ஆபத்து மருந்துக்கடையிலேயே இருக்கிறது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகள். படைக்கும் அரிப்புக்கும் மருத்துவர் சில நாட்களுக்கு எழுதிக்கொடுப்பவை. முகத்தில் பூசினால் முதல் வாரம் முகம் பளிச்சென்று தெரியும். தோழி சொன்னாள், அக்கா சொன்னாள் என்று பள்ளி மாணவிகள் வாங்கிப் பூசுகிறார்கள். சில மாதங்களில் தோல் காகிதம்போல மெலிந்து, ரத்த நாளங்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரிய ஆரம்பிக்கும், பரு கொட்டும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் முகம் நெருப்பாய் எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடியும் அதையே பூசுவாள். தோல் மருத்துவர்களின் சங்கம் இதைப் பற்றிப் பல ஆண்டுகளாக எச்சரித்ததன் பலனாக, 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத ‘எச்’ பட்டியலில் மத்திய அரசு 2018 மார்ச்சில் சேர்த்தது. சரி, உங்கள் தெரு மருந்துக்கடையில் களிம்பு கேட்டால் யாராவது சீட்டு கேட்கிறார்களா?

நிறத்துக்கு அடுத்தது எடை. தொலைக்காட்சியும் போனும் ஒரு சமூகத்தின் அழகுக் கணக்கையே எவ்வளவு வேகமாக மாற்றும் என்பதற்குப் பசிபிக் தீவு நாடான ஃபிஜியில் ஆனி பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் செய்த ஆய்வைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை. ஃபிஜியின் பூர்வகுடிச் சமூகத்தில் நல்ல கட்டுமஸ்தான உடம்புதான் அழகு. விருந்தினரை வயிறு முட்டச் சாப்பிடவைப்பது பாசம். ஒரு பெண் மெலிந்துபோனால் வீட்டில் யாரும் அவளைச் சரியாகக் கவனிக்கவில்லையோ என்று ஊர் பேசும். நம் ஊர்ப் பாட்டிகளுக்கு இந்த மனநிலை புதிதல்ல. நட்ரோகா என்ற மாகாணத்துக்கு 1995-ல் தொலைக்காட்சி வந்தது. இருந்தது ஒரே அலைவரிசை. பெரும்பாலும் வெளிநாட்டுத் தொடர்கள். வந்த சில வாரங்களில் பெக்கர் அங்குள்ள பள்ளிப் பெண்களிடம் உணவுப் பழக்கம் பற்றிக் கேட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1998-ல் அதே பள்ளிகளில் மறுபடியும் கேட்டார். உணவு சார்ந்த மனக்கோளாறுக்கான அறிகுறி அளவைத் தாண்டிய பெண்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாகியிருந்தார்கள். எடை குறைக்க வேண்டுமென்றே வாந்தி எடுக்கும் பழக்கம் 1995-ல் ஒருவரிடமும் இல்லை, 1998-ல் 11.3 சதவீதம் பெண்களிடம் இருந்தது. நான்கில் மூன்று பெண்கள் தாங்கள் குண்டு என்று எப்போதாவது உணர்ந்திருந்தார்கள்.

எண்களைவிட முக்கியமான ஒன்று அந்தப் பெண்களின் பேச்சில் இருந்தது. திரையில் வரும் பெண்களைப் போல ஒல்லியாக இருந்தால் நல்ல வேலை கிடைக்கும், முன்னேறலாம் என்று அவர்களில் பலர் நம்பினார்கள். கண்ணாடி முன்னால் மயங்கி நின்றதாக அவர்களைக் கேலி செய்ய முடியாது. மாறிவரும் பொருளாதாரத்தில் தங்களுக்கு ஓர் இடம் தேடினார்கள். விமானப் பணிப்பெண் ஆகும் மகளின் விளம்பரக் கதையும் ஃபிஜிப் பெண்களின் நம்பிக்கையும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

நம் நாட்டில் இது இன்னும் விபரீதமாகிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அரசு பள்ளியில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறது. அந்த மாத்திரையை விழுங்கும் மாணவிகளில் ஒருத்தி வயிறு தட்டையாக வேண்டும் என்று காலை இட்லியைத் தொடாமல் வந்திருக்கிறாள்.

இனி போனுக்கு வருவோம். ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்களை அங்கு பணியாற்றிய ஃபிரான்சஸ் ஹாகன் 2021-ல் வெளிக்கொண்டுவந்தார். தங்கள் உடம்பைப் பற்றி ஏற்கெனவே வருந்தும் பதின்வயதுப் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டுகிறது என்று நிறுவனத்தின் சொந்த ஆய்வே சொல்லியிருந்தது. எல்லாப் பெண்களுக்கும் அப்படி இல்லை, வேறு பல விஷயங்களில் அது உதவியாக இருப்பதாகவும் பெண்கள் சொன்னார்கள் என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது. அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் மிஞ்சுவது இதுதான்: புண் இருப்பவளுக்கே அது மேலும் வலிக்கிறது. புண்ணை உண்டாக்கியது வீடும் தெருவும் என்றால், உப்பைத் தடவுவது போன். ஃபில்டர் வழியாக வரும் முகங்களைக் கவனித்தால் தெரியும். மூக்கு மெலியும், கண் பெரிதாகும், தாடை குறுகும், நிறம் கூடும். தென்னிந்திய மூக்குக்கு அங்கே இடமே கிடையாது. வெளியார் உருவாக்கிய ஃபில்டர்களை, இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா 2025 ஜனவரியில் நிறுத்திவிட்டது. அதற்குள் அந்த முகம் கோடிக்கணக்கான மனங்களில் பதிந்துவிட்டது. விளம்பரத்துக்காகத் திருத்தப்பட்ட உடல் படங்களில் அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்று நார்வே 2022 ஜூலையில் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இங்கே அப்படி ஒரு பேச்சுகூட இல்லை.

சினிமாவைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. கறுத்த பெண் பாத்திரத்துக்கு வெளுத்த நடிகையை அழைத்துவந்து மை பூசும் வினோதம் நம்முடையது. ஆனால், கோத்தகிரியில் பிறந்த சாய் பல்லவி 2015-ல் ‘பிரேமம்’ படத்தில் பருக்களோடு திரையில் வந்தபோது, பார்வையாளர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். பிறகு சிவப்பழகு கிரீம் விளம்பரம் ஒன்றையும் அவர் மறுத்தார். ரசிகர்கள் ஏற்க மாட்டார்கள் என்று தயாரிப்பாளர்கள் சொல்லிவந்தது வெறும் சாக்கு என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று. இன்னொரு பக்கம், 2025 நவம்பரில் சென்னையில் நடிகை கௌரி கிஷனின் உடல் எடையைப் பற்றி ஒரு யூடியூபர் எழுப்பிய கேள்விக்கு அவர் நேருக்குநேர் எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டியிருந்தது. அறிவும் துணிவும் உள்ள ஒரு நடிகைக்கே பொதுமேடையில் இந்த நிலை என்றால், கல்யாண வீட்டுப் பந்தியில் பெரியம்மாவிடம் மாட்டிக்கொள்ளும் பத்தாம் வகுப்புப் பெண் என்ன செய்வாள்? எதிர்த்துப் பேசினால் வாயாடி. பேசாமல் இருந்தால் அந்தச் சொல் அவளோடு வீட்டுக்கு வரும்.

பூ வைத்துக்கொள்வதும் மை தீட்டுவதும் உதட்டுச்சாயம் போடுவதும் தவறு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அலங்காரம் ஒரு மகிழ்ச்சி. அலங்கரித்துக்கொள்ளும் பெண் தன் முகத்தோடு விளையாடுகிறாள். கிரீம் பூசி மூன்று வேளையும் கண்ணாடி பார்ப்பவள் தன் முகத்தோடு சண்டை போடுகிறாள். இந்த வித்தியாசம் தெரியாமல் பிள்ளைகளின் ஹேர்பேண்டையும் நகப்பூச்சையும் பறிமுதல் செய்யும் ஆசிரியர்கள், இந்தக் கட்டுரையைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தன்னம்பிக்கைப் பிரச்சாரங்கள் வீண் என்றும் சொல்ல மாட்டேன். சென்னையில் கவிதா இம்மானுவேலின் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009-ல் தொடங்கிய ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கம், நடிகை நந்திதா தாஸ் துணைசேர்ந்த பிறகு நாடு முழுவதும் பேசப்பட்டது. வெளியே சொல்லவே கூச்சப்பட்ட விஷயத்தை அது வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தது. ஆனால், அந்த இயக்கம் வகுப்பறையில் பாடம் நடத்துவதோடு நிற்கவில்லை. விளம்பரம் கொடுக்கும் நிறுவனத்தையும் அதில் நடிக்கும் நட்சத்திரத்தையும் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டது. அந்தப் பாதியை மறந்துவிட்டு, பெண்ணுக்கு அறிவுரை சொல்லும் பாதியை மட்டும் பள்ளிகள் எடுத்துக்கொண்டன. அறிவுரைக்குச் செலவு இல்லை. யாரையும் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

செலவு வைக்கும் வேலைகள் வேறு. தமிழ்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, சந்தையில் இருக்கும் சிவப்பழகு கிரீம்களையும் சோப்புகளையும் மாதிரி எடுத்துப் பாதரசத்துக்கும் ஸ்டீராய்டுக்கும் சோதித்து, முடிவுகளைப் பெயரோடு வெளியிட வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதை 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம் வேறு. அதன் பிறகும் ஒரு மாணவியின் போனில் எடைக் குறைப்புத் தூளும் சிவப்பழகு சீரமும் விளம்பரமாக வருகின்றனவா என்று யாராவது கணக்கெடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு வரைவு இருக்கிறது. பொய் மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த மத்தியச் சுகாதார அமைச்சகம் 2020 பிப்ரவரியில் வரைவு ஒன்றை வெளியிட்டது. சிவப்பழகு தருவதாகச் சொல்லும் விளம்பரங்களும் அதன் பட்டியலில் இருந்தன. முதல் முறை குற்றத்துக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் ஐந்து ஆண்டுகள், ஐம்பது லட்சம். கருத்துக் கேட்டார்கள். அதோடு சரி, அது சட்டமாகவில்லை. தமிழ்நாட்டிலிருந்து 39 பேர் மக்களவையில் இருக்கிறார்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, அவர்களில் ஒருவராவது வருகிற கூட்டத்தொடரில் எழுந்து, அந்த வரைவு எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதிப்போடுங்கள்.